வலிய எஞ்சினும் மெலிய கியர்ப் பெட்டியும்

வண்டியில் ஏற்றும் பாரத்தை எண்ணுகிறவர் பலர். அதனைத் தாங்கும் அச்சை எண்ணுகிறவர் சிலர். வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன்கண் வண்டியச்சு முறிவதை ஓர் உவமையாக வைத்துள்ளமை நம் மாணவர் அனைவரும் அறிந்ததே. அவ்வுவமை மாட்டு வண்டிக் காலத்தோடு ஒழிந்துவிட்டதென்று எண்ணுவார் உளராயின், அவர் இங்கிலாந்து தேசத்தில் தம் வீட்டுக் கொட்டகையிலே தாமே மோட்டார் வண்டி கட்டிக்கொள்ளும் அன்பர்களின் பேச்சைச் சிறிது செவிமடுப்பாராக. அவர்கள் கூடுமிடமெல்லாம் ஓயாது எழும் வினா ஒன்றுண்டு. ‘ஆற்றல் மிகுந்த எஞ்சின் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, சிறு வண்டிக்கெனச் செய்த கியர்ப் பெட்டியோ முன்னமே கையில் இருக்கிறது, இவ்விரண்டையும் பூட்டலாமா?’ என்பதே அது. இவ்வினாவுக்கு எமக்குத் தோன்றும் விடையை இக்கட்டுரையின்கண் எடுத்துரைக்க விழைகின்றோம்.

கிட் கார் என்பது யாதெனச் சிறிது கூறுவோம். சட்டம், உடற்கூடு முதலிய உறுப்புகளைத் தொகுதியாக வாங்கி, எஞ்சின், கியர்ப் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றைப் பெரும்பாலும் பழைய வண்டி ஒன்றினின்று கழற்றியெடுத்து, வாங்கினவரே பூட்டி முடிக்கும் மோட்டாருக்கு அப்பெயர் வழங்குகின்றது. பிரிட்டனில் இவ்வழக்கம் பரவியதற்கு வரியும் ஒரு காரணம். முழு வண்டியாக வாங்குவோர் கொள்முதல் வரி செலுத்த வேண்டியிருந்தது; உறுப்புகளாக வாங்கித் தாமே பூட்டுவோருக்கு அவ்வரி இல்லை. காலின் சாப்மன் என்பார் 1957-ல் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்னும் எளிய சிறு வண்டி இவ்வாறே பலர் கைகளில் உருப்பெற்றது. 1973-ல் கொள்முதல் வரி நீங்கி மதிப்புக் கூட்டு வரி வந்தபோது அச்சலுகை ஒழிந்தது. ஆயினும் ஆர்வம் ஒழியவில்லை. அதே ஆண்டில் கேட்டர்ஹாம் என்னும் நிறுவனத்தார் அவ்வண்டியைச் செய்யும் உரிமையைப் பெற்றனர். அதன் சாயலில் வேறு பலரும் தொகுதிகள் செய்து விற்கலாயினர்.

இத்தகைய வண்டி கட்டும் இளைஞன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்துவோம். அவன் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சட்டமும் உடற்கூடும் வாங்கினான். பழைய ஃபோர்டு சியரா வண்டி ஒன்றை மலிவாகப் பெற்று, அதன் ஐந்து வேகக் கியர்ப் பெட்டியைக் கழற்றித் துடைத்து வைத்தான். அவ்வண்டியின் 2 லிட்டர் எஞ்சினும் அவனிடம் உண்டு. அந்நிலையில் நண்பர் ஒருவர், ரோவர் வண்டியின் 3.5 லிட்டர் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று விலைக்கு வருவதாகச் செய்தி கொணர்கின்றார். அமெரிக்காவில் ப்யூக் வண்டிக்காக 1961-ல் வெளிவந்து, 1965-ல் ரோவர் நிறுவனத்தார் உரிமை பெற்ற எஞ்சின் அது. அலுமினிய வார்ப்பாதலின் பாரம் குறைவு. முழக்கமோ கேட்போர் நெஞ்சைக் கவர்வது. இளைஞன் மயங்காமல் என் செய்வான்? எஞ்சினை வாங்கிவிட்டான். அதற்கு ஏற்ற கியர்ப் பெட்டி வாங்கக் கையில் காசில்லை. ‘இருப்பதைப் பூட்டுவோம், வந்தது வரட்டும்’ என்று துணிகின்றான். இத்துணிவே எமது ஆராய்ச்சிக்குரிய பொருள்.

எஞ்சினின் ஆற்றலை யாவரும் குதிரைச் சக்தியால் அளந்து பேசுவர். ஆனால் கியர்ப் பெட்டியின் பற்களை முறிப்பது குதிரைச் சக்தியன்று, முறுக்கு விசையே. 150 குதிரைச் சக்தியை நிமிடத்துக்கு 10,000 சுற்றில் தரும் எஞ்சின் ஒன்று அப்பொழுது ஏறத்தாழ 107 நியூட்டன் மீட்டர் அளவே முறுக்குகின்றது. அதே 150-ஐ 5,000 சுற்றில் தரும் எஞ்சினோ 214 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்குகின்றது. விளம்பரத்தில் இவ்விரண்டும் சமம். கியர்ப் பற்களுக்கோ ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்கு பாரம். ஆதலால், ‘இப்பெட்டி எத்தனை குதிரை தாங்கும்?’ என்று கேட்பது பிழையான கேள்வி. ‘எத்தனை முறுக்குத் தாங்கும், எந்தக் கியரில், எத்தனை காலம்?’ என்று கேட்பதே நேரிய கேள்வி.

பெட்டிக்குள் நிகழ்வதையும் சிறிது காண்போம். ஒன்றையொன்று பற்றிச் சுழலும் இரு சக்கரங்களில் எந்நேரமும் சில பற்களே பாரத்தை ஏற்கின்றன. முறுக்கு மிகுந்தால் பல்லின் அடி வளைகின்றது, முகம் நசுங்குகின்றது. அம்மட்டோ? ஓசை குறைவதற்காகப் பற்களைச் சாய்வாக வெட்டியிருத்தலின், சக்கரங்கள் ஒன்றையொன்று விலகத் தள்ளுவதோடு, தண்டின் நெடுகிலும் நகரப் பார்க்கின்றன. தண்டுகள் இடையில் வளைகின்றன. அலுமினியப் பெட்டி தானே சிறிது விரிகின்றது. பற்கள் முழு அகலத்தில் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் பொருந்துகின்றன. பிறகு அவ்வோரமே பாரம் முழுவதையும் தாங்கிப் பொடிகின்றது. எண்ணெய் காய்கின்றது, பேரிங் தேய்கின்றது. இவையெல்லாம் ஒரு நாளில் நிகழ்வன அல்ல. கம்பியைப் பலமுறை வளைத்தால் ஒருமுறை அறுவதுபோல, பல்லாயிரம் முறை தாங்கிய பல் பின்னொரு நாள் எளிய பயணத்தில் முறியும். ஆகவே, ‘ஒரு மாதம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை’ என்னும் சான்று சான்றாகாது.

இத்தவறு பணமில்லாத இளைஞனுக்கு மட்டும் உரியதன்று. பெருஞ்செல்வம் படைத்த நிறுவனத்துக்கும் நேர்ந்ததுண்டு. ஃபோர்டு நிறுவனத்தார் பிரான்சு தேசத்து லெ மான் நகரின் 24 மணிப் பந்தயத்தை வெல்லக் கருதி, ஜி.டி.40 என்னும் வண்டியை 1964-ல் களத்தில் இறக்கினர். 4.2 லிட்டர் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் அதில் இருந்தது. இத்தாலி நாட்டில் செய்த கொலொட்டி என்னும் நான்கு வேகக் கியர்ப் பெட்டி அதனோடு பூட்டப்பட்டது. மூன்று வண்டிகள் ஓடின. ஒன்று தீப்பற்றி விலகியது. மற்ற இரண்டும் கியர்ப் பெட்டி கெட்டு விலகின. தொடக்கத்தில் யாவர்க்கும் முன்னே ஓடிய வண்டியும் அவ்விரண்டனுள் ஒன்று. வேகத்தில் குறைவில்லை; அவ்வேகத்தை இரவும் பகலும் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும் உறுப்பிலேதான் குறை. 1965-லும் ஃபோர்டு வண்டி ஒன்றேனும் பந்தய முடிவை எட்டவில்லை.

பிறகு அவர்கள் செய்தது யாது? 7 லிட்டர் எஞ்சினைப் பூட்டத் துணிந்தபோது, அதனைத் தாங்குதற்கென்றே தடித்த பற்களுடைய பெட்டி ஒன்றையும் தாமே செய்வித்தனர். 1966-ல் முதல் மூன்று இடங்களும் அவர்களுடையவாயின. 1968-லும் 1969-லும் வென்ற ஜி.டி.40 வண்டியில் 4.9 லிட்டர் எஞ்சினே இருந்தது, செட்.எஃப். என்னும் ஜெர்மானிய நிறுவனத்தாரின் ஐந்து வேகப் பெட்டி அதற்குப் பொருத்தமாக அமைந்திருந்தது. இரண்டு ஆண்டுகளிலும் வென்றது ஒரே வண்டி என்பது குறிக்கத்தக்கது. பேராற்றல் வென்ற ஆண்டும் உண்டு. அதனினும் குறைந்த ஆற்றல் வென்ற ஆண்டுகளும் உண்டு. எஞ்சினும் பெட்டியும் ஒன்றற்கொன்று ஒவ்வாதிருந்த ஆண்டில் மட்டும் வெற்றியில்லை.

வீதியில் ஓடும் வண்டிகளிலும் இவ்வுண்மையைக் காணலாம். ரோவர் நிறுவனத்தார் மேற்கூறிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினைத் தம் 2000 என்னும் வண்டியின் உடலில் பூட்டி, 3500 என்னும் பெயரால் 1968-ல் வெளியிட்டபோது, தானியங்கி கியரோடு மட்டுமே விற்றனர்; தம்மிடம் இருந்த கைக் கியர்ப் பெட்டி அம்முறுக்கைத் தாங்காதென அறிந்திருந்தனர். 1971-ல்தான் அப்பெட்டியை வலுப்படுத்திக் கைக் கியர் வண்டியைத் தந்தனர். அதன் பின்னும் அது தன் எல்லையிலேயே நின்றது. 1976-ல் வெளிவந்த புது வண்டிக்குப் புதிதாக ஓர் ஐந்து வேகப் பெட்டி செய்யப்பட்டது. எஞ்சினையும் பெட்டியையும் தாமே செய்தவர்கள், அளவு கருவிகள் அனைத்தும் உடையவர்கள், இவ்வாறு தயங்கி நின்ற இடத்தில், கொட்டகையிலே ஸ்பானர் ஏந்திய இளைஞன் தயங்காமல் புகுவது முறையோ?

அவன் கையிலுள்ள சியராப் பெட்டியின் செய்தியும் இதுவே. 2 லிட்டர் எஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ 155 நியூட்டன் மீட்டர். 1983-ல் வந்த 2.8 லிட்டர் ஆறு சிலிண்டர் வண்டிக்கும் பற்களின் விகிதத்தைச் சிறிது மாற்றி அதே வகைப் பெட்டியைப் பூட்டினர். அவ்வெஞ்சினின் முறுக்கு ஏறத்தாழ 215. ஆனால் 1986-ல் காஸ்வொர்த் நிறுவனத்தார் ஆக்கிய டர்போ எஞ்சினைப் பூட்டியபோது, முறுக்கு ஏறத்தாழ 275-க்கு உயர்ந்தது. உடனே ஃபோர்டு நிறுவனத்தார் அப்பெட்டியைக் கைவிட்டு, போர்க்-வார்னர் டி5 என்னும் வலிய அமெரிக்கப் பெட்டியை எடுத்துக்கொண்டனர். 215-க்கு ஆம் என்றவர் 275-க்கு ஆகாது என்றனர். நம் இளைஞன் வாங்கிய ரோவர் எஞ்சினின் முறுக்கோ ஏறத்தாழ 270. செய்தவர் சொல்லாமற் சொன்ன தீர்ப்பு இதனினும் தெளிவாக இருத்தல் கூடுமோ?

இதற்கு ஒரு வலிய மறுப்பு உண்டு. அதனை நேர்மையோடு எடுத்து ஆராய்தல் எமது கடன். ‘சியரா கனத்த வண்டி. எனது கிட் கார் ஓட்டுபவனோடு சேர்த்தும் 700 கிலோவே. பாரம் குறைந்த வண்டியில் டயர் வழுக்கிவிடும். பல்லுக்கு முழு விசை போய்ச் சேராது’ என்பர். இதில் உண்மை உண்டு; கணக்கிட்டே பார்ப்போம். விரைந்து கிளம்பும்போது 700 கிலோவில் 420 கிலோ பின் சக்கரங்களின் மேல் நிற்பதாகக் கொள்வோம். நல்ல டயர், உலர்ந்த பாதையில், தன்மேல் உள்ள பாரத்தின் அளவே பிடிக்கும் எனலாம். சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டராயின், வழுக்குமுன் சக்கரங்கள் ஏற்கும் முறுக்கு ஏறத்தாழ 1,236 நியூட்டன் மீட்டர். பின் அச்சின் விகிதம் 3.9 என்றால், பெட்டியை விட்டு வெளிவரும் தண்டில் 317. முதற் கியரின் விகிதம் 3.65, ஆகவே எஞ்சின் பக்கத்தில் 87 அளவு முறுக்கியதுமே டயர் வழுக்கும். இரண்டாங் கியரின் விகிதம் 1.97; அங்கு 161-ல் வழுக்கும். இவ்விரு கியர்களிலும் 270 நியூட்டன் மீட்டர் எஞ்சினின் முழு விசையைப் பற்கள் காண்பதே இல்லை. வண்டியின் எடை இருமடங்காக இருந்தால் இவ்வெண்களும் இருமடங்காகியிருக்கும். மென்மையான வண்டி தன் கியர்ப் பெட்டிக்குக் கவசம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் கணக்கை அங்கே நிறுத்துவது தனக்கு வேண்டியதை மட்டும் படிப்பதாகும். மூன்றாங் கியரின் விகிதம் 1.37, அங்கு டயர் வழுக்குவது 231-ல். ஃபோர்டு நிறுவனத்தார் இவ்வகைப் பெட்டிக்குத் தந்த 215-ஐ இது கடந்துவிட்டது. நான்காங் கியரில் உள் தண்டும் வெளித் தண்டும் நேரே பிணைந்துவிடுதலின், பற்களுக்கு அங்கே பாரம் இல்லை. ஐந்தாங் கியரிலோ டயர் வழுக்கிக் காப்பதில்லை. முழு விசையோடு நெடிய மேடு ஒன்றை ஏறினால் 270-ம் அப்பற்களின் மேலேயே நிற்கும். ஆகவே, அஞ்சத்தக்கது யாவரும் அஞ்சும் முதற் கியர் அன்று, மூன்றும் ஐந்துமே. இனி அவ்விளைஞன் பந்தய டயர் வாங்கிப் பூட்டுவானாயின், பிடிப்பு நூற்றுக்கு நாற்பது பங்கு மிகும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாங் கியரிலேயே 225 வந்துவிடும். மூன்றாவதில் எஞ்சினின் முழு விசையும் பற்களில் இறங்கும். நல்ல டயர் வாங்கியதனால் கவசத்தைக் கழற்றி எறிந்தவனாவான். கிளட்ச்சைப் பட்டென்று விடுவதாலும், வழுக்கும் சக்கரம் துள்ளி மீண்டும் பாதையைப் பற்றுவதாலும் எழும் அதிர்ச்சி இக்கணக்கில் அடங்காதது என்பதையும் மறத்தலாகாது.

‘நான் மெதுவாகவே ஓட்டுவேன்’ என்பது இரண்டாவது மறுப்பு. இதனைச் சொல்பவர் பொய் சொல்லுகின்றார் என்று யாம் கூறவில்லை. ஆனால் மெதுவாக ஓட்டுவதற்காக எவரேனும் எட்டுச் சிலிண்டர் எஞ்சினை வாங்குவரோ? பாதை நேராக விரிந்து, அருகில் நண்பன் அமர்ந்து, ‘எங்கே, சிறிது காட்டு’ என்னும்போது, கால் மனத்தைக் கேளாது. மேலும், வண்டி என்றும் ஒருவன் கையிலேயே இருப்பதன்று, விற்கப்படும். வாங்கினவன் முழக்கத்தைக் கேட்பான். முன்னவன் செய்து வைத்த விரதத்தை அறியான். ஒருவருடைய பொறுமையை நம்பிப் பல் நிற்குமாறு கட்டிய வண்டி, அடித்தளம் இன்றிக் கட்டிய வீட்டையே ஒக்கும்.

‘பெட்டியின் உட்பற்களை மாற்றி வலுப்படுத்துவேன்’ என்பது மூன்றாவது. இது முன்னிரண்டினும் சிறந்த வாதம். உயர்ந்த எஃகால் செய்த கியர்களும், விகிதம் தாழ்ந்த முதற் கியரும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றால் பயனும் உண்டு. ஆனால் பெட்டியின் வார்ப்பும், இரு தண்டுகளுக்கும் இடையிலுள்ள தூரமும், பேரிங்கின் அளவும் அப்படியே நிற்கின்றன. பெரிய பெட்டி ஏன் பெரியது? அத்தூரம் மிகுந்தால் சக்கரங்கள் பெரியனவாகும். சக்கரம் பெரிதானால் அதே முறுக்குக்குப் பல்லின் மேல் விழும் தள்ளு குறையும். இவ்வடிப்படை அளவை உயர்ந்த எஃகு ஓரளவே ஈடு செய்யும். இவ்வாறு சிறுகச் சிறுகச் செலவிட்ட பணத்தைக் கூட்டிப் பார்த்தால், தக்க பெட்டி ஒன்றை முதலிலேயே வாங்கியிருக்கலாம் என்பது பெரும்பாலும் காலங்கடந்து தெரிய வருவது.

இனி எமது துணிபைக் கூறுவோம். கியர்ப் பெட்டியை முதலில் தேர்க. எஞ்சினைப் பின்னர்த் தேர்க. வலிய பெட்டி வாங்க இயலாதெனின், எஞ்சினைப் பெட்டியின் அளவுக்கு அடக்குக. அதற்கு நாணுதல் வேண்டா. எம் கூற்றுக்குத் தக்க சான்று லோட்டஸ் நிறுவனத்தாரிடமே உள்ளது. அவர்கள் தம் எஸ்பிரி வண்டிக்காக 1996-ல் 3.5 லிட்டர் எட்டுச் சிலிண்டர் இரட்டை டர்போ எஞ்சின் ஒன்றை வெளியிட்டனர். அது 500 குதிரைச் சக்தி அளவு தர வல்லது. ஆனால் அவ்வண்டியில் இருந்தது ரெனோ நிறுவனத்தாரின் கியர்ப் பெட்டி. அது அத்துணை ஆற்றலைத் தாங்காது. ஆதலின் எஞ்சினை 350 குதிரைச் சக்திக்கு அடக்கியே விற்றனர். உலகம் புகழும் பொறியாளர் தம் கையால் ஆக்கிய எஞ்சினின் ஆற்றலில் பத்தில் மூன்று பங்கை, பெட்டியின் பொருட்டு விட்டுக்கொடுத்தனர். அவர்க்கு இழிவாகத் தோன்றாதது கொட்டகையில் வண்டி கட்டுபவனுக்கு மட்டும் ஏன் இழிவாகத் தோன்றுதல் வேண்டும்? ஜி.டி.40-ன் சாயலில் செய்யும் கிட் கார்களிலும் ரெனோப் பெட்டியைப் பூட்டுவோர் பலர், விலையுயர்ந்த செட்.எஃப். பெட்டியை வாங்க எல்லாரும் வல்லுநர் அல்லர். அவர்களுள் எஞ்சினை அடக்கி ஓட்டுவோரைக் கோழைகள் என்னாது, கணக்கறிந்தவர் என்றே யாம் போற்றுவோம்.

அடக்கும் வழிகளும் பல. கார்புரேட்டருள்ள எஞ்சினுக்கு அளவான கார்புரேட்டரே போதும். மின்னணுக் கருவியால் ஆளப்படும் இக்காலத்து எஞ்சினில், இன்ன கியரில் இவ்வளவே முறுக்குதல் வேண்டும் என்று முன்னரே விதித்து வைத்தலும் இயலும். கிளட்ச்சைத் தேரும்போது பெட்டியினும் வலியதைத் தேர்தல் ஆகாது. பல் முறியுமுன் கிளட்ச் வழுக்குமாயின், அது வீட்டு மின்சாரத்தில் ஃப்யூஸ் செய்யும் வேலையைச் செய்யும். பந்தயக் கிளட்ச் அக்காப்பை நீக்கிவிடும். எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் தட்டு, இரண்டின் நடுக்கோடும் ஒன்றாக நிற்குமாறு கடைந்து பொருத்தப்படுதல் வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் சில பத்திலொரு பங்கு பிசகினும் உள் தண்டின் பேரிங் நாளடைவில் பாழாகும். பெட்டியின்மேல் பழி சுமத்தப்படும் கேடுகளுள் சில உண்மையில் இத்தட்டின் கேடுகளே.

இவையெல்லாம் பணத்தைப் பற்றிய பேச்சாக மட்டும் இருந்தால் இவ்வளவு நீட்டியிரோம். பல் முறிந்த பெட்டி பெரும்பாலும் ஓசையிட்டு நின்றுவிடும்; வண்டியைக் கட்டியிழுத்து வீடு சேர்க்கலாம். ஆனால் அரிதாகச் சில வேளைகளில் முறிந்த துண்டு சக்கரங்களுக்கிடையே சிக்கித் தண்டை இறுக்கிவிடும். அக்கணத்தில் பின் சக்கரங்கள் இரண்டும் சுழலாமல் நின்று வழுக்கும். விரைந்து செல்லும் சிறு வண்டி குறுக்கே திரும்பும். எதிரே வருபவர் எந்த எஞ்சினையும் விரும்பி வாங்கியவர் அல்லர். குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவராக இருக்கலாம். பிரிட்டனில் இத்தகைய வண்டி பாதைக்கு வருமுன் அரசாங்கத்தாரின் சோதனை ஒன்றில் தேற வேண்டும். பிரேக், விளக்கு, புகை, கூரிய விளிம்பு முதலியவற்றை அதில் ஆராய்வர். ஆனால் பெட்டியைத் திறந்து பற்களின் வலிமையை அளந்து பார்ப்பார் இல்லை. அவ்விடத்தில் சோதிப்பவன் வண்டி கட்டுபவனுடைய மனச்சாட்சி ஒன்றே.

மின்சார மோட்டாரைப் பழைய வண்டிகளிலும் கிட் கார்களிலும் பூட்டும் வழக்கம் இப்பொழுது பெருகி வருகின்றது. அம்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே தன் முழு முறுக்கையும் தர வல்லது. ஆதலின், பழைய கியர்ப் பெட்டியை அதனோடு பிணைப்பார்க்கு இவ்வினா நீங்கவில்லை. முன்னினும் கடுமையாகவே எழுகின்றது. எரிபொருள் மாறலாம், பல்லின் கணக்கு மாறாது.

முடிவாக ஒன்று கூறி அமைவோம். எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினால் கண்டோர் வியப்பர். கியர்ப் பெட்டியை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. அது வண்டியின் நடுவே எண்ணெயில் மூழ்கி, இருளில் கிடந்து உழைக்கின்றது. காட்சிக்குரியதற்குப் பணத்தையும், காணப்படாததற்கு நம்பிக்கையையும் பங்கிடுதல் இளமையின் இயல்பு. வண்டி கட்டும் அவ்விளைஞன் எமது சொல்லைக் கேட்பானாயின், ரோவர் எஞ்சினைத் திரும்ப விற்க வேண்டுவதில்லை. அதனைக் கொட்டகையின் மூலையில் போர்த்தி வைத்து, தன் 2 லிட்டர் எஞ்சினையே பூட்டி இவ்வாண்டு வண்டியை ஓட்டட்டும். 700 கிலோ வண்டிக்கு அது சிறிய ஆற்றல் அன்று. மிச்சம் பிடிக்கும் காசால் தக்க பெட்டி ஒன்றை வாங்கும் நாளில் போர்வையை நீக்கட்டும். அன்று அவ்வெஞ்சின் முழங்கும் முழக்கத்தில் அச்சம் கலந்திராது.